மின்சூளை ஏற மாட்டேன் என்கிறதா? காயில் வாங்க ஓடுவதற்கு முன்

போன வருடம் நான்கு மாதம், மண் சாமான் சுடும் என் மின்சூளை என்னைப் படுத்தி எடுத்தது. 1220 டிகிரிக்குப் போக வேண்டியது 1160-இல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்பது மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த கிளேஸ் ஃபயரிங் (கண்ணாடிபோன்ற மேல்பூச்சைச் சுட்டு உருக்குவது) பதினொரு மணி நேரம் ஆனது, அப்புறம் பதினான்கு, கடைசியில் கன்ட்ரோலரே எரர் காட்டி நிறுத்திவிட்டது. விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான்: "காயில் போயிருக்கும்." சூளையைச் சூடாக்கும் கம்பிச்சுருள்தான் காயில். ஆறு காயிலையும் மாற்றினேன், 10,800 ரூபாய். சரியாகவில்லை. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றினேன், 1,200 ரூபாய். அதுவும் இல்லை. கோளாறு இருந்தது, காயிலுக்குக் கரண்டைச் சேர்த்தும் துண்டித்தும் விடும் கான்டாக்டர் என்ற சுவிட்சில். புதிது 2,100 ரூபாய், மாட்ட அரை மணி நேரம்.

அளந்து பார்க்காமல் வாங்கியதுதான் என் தப்பு. அதனால் கீழே உள்ள வரிசையில் காசு இல்லாமல் பார்க்கக்கூடியவை முதலில் வரும், காசு கேட்பவை பின்னால் வரும். குறுக்கே தாண்டிப் போகாதீர்கள்.

கணக்குக்கு என் சூளையையே எடுத்துக்கொள்கிறேன். நூறு லிட்டர், மேல்மூடி, 9 கிலோவாட், மூன்று ஃபேஸ். ஆறு காயில், ஃபேஸுக்கு இரண்டு வீதம் பக்க இணைப்பில் (பேரலல்). சூட்டைப் பார்த்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பிஐடி கன்ட்ரோலர், ஒரு கான்டாக்டர், ஒரு கே டைப் தெர்மோகப்பிள். கோவைப் பக்கம் வீட்டில் வைத்து ஓட்டுபவர்களிடம் பெரும்பாலும் இதுபோல ஒன்றுதான் இருக்கும். உங்களுடையது ஒற்றை ஃபேஸ் என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

ஒரு எச்சரிக்கை. கன்ட்ரோலரை அணைத்தால் காயிலில் கரண்ட் இருக்காது என்று நம்பாதீர்கள். சில சூளைகளில் ரிலே (கான்டாக்டர்போன்ற சுவிட்ச்) ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், மற்றது உயிரோடு இருக்கும். பெட்டியைத் திறக்கும் முன் சுவரில் உள்ள எம்சிபியை இறக்குங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டிய இடங்களில் எலக்ட்ரீஷியனை வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

1. நோட்டுப் புத்தகம் போடுங்கள்

நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று சூளைக்குப் பக்கத்தில் தொங்கட்டும். ஒவ்வொரு ஃபயரிங்கிலும் 100, 200, 300 என்று ஒவ்வொரு நூறு டிகிரியையும் எத்தனை மணிக்குத் தாண்டியது என்று எழுதுங்கள். ஈபி மீட்டர் ரீடிங்கை ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. உள்ளே எத்தனை ஷெல்ஃப், என்ன சாமான். இவ்வளவு போதும்.

நேரத்தைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே மந்தமாக ஏறுகிறது என்றால் ஒரு ஃபேஸோ ஒரு காயிலோ முழுசாக இல்லை, அல்லது புரோகிராமே மெதுவாகப் போட்டிருக்கிறீர்கள். 900 வரை பழைய வேகம், அதற்குமேல் தவழ்கிறது என்றால் வோல்டேஜ் குறைவு, வயதான காயில், அல்லது மூடிச் சந்து. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது நடுவில் திடீரென்று சுணங்கினால் ஏதோ ஒன்று சூடானதும் தொடர்பு விடுகிறது. ஒரு நாள் சரியாக ஏறி மறுநாள் ஏறாவிட்டால் சூளையை விட்டுவிட்டு லைனைப் பாருங்கள்.

நான் நோட்டுப் போட்டது மூன்றாவது மாதம்தான். முதல் பக்கத்திலேயே இருந்தது: 700 வரை எப்போதும்போல, 700-இலிருந்து 800-க்குப் போக மட்டும் ஒரு மணி ஐம்பது நிமிடம். காயில் தேய்ந்த சூளை இப்படி ஒரே இடத்தில் மடங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் தளரும். அந்தப் பக்கம் முதல் மாதமே கையில் இருந்திருந்தால் பத்தாயிரம் ரூபாய் மிச்சம்.

2. உண்மையிலேயே தாமதம்தானா என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், இதில் பலர் விழுகிறார்கள்.

கன்ட்ரோலர் செல்சியஸில் இருக்கிறதா, ஃபாரன்ஹீட்டிலா? 1220 ஃபாரன்ஹீட் என்றால் வெறும் 660 செல்சியஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தப் புரோகிராமும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

புரோகிராமில் மணிக்கு 60 டிகிரி என்று போட்டுவிட்டு மணிக்கு 60 டிகிரிதான் ஏறுகிறது என்று சூளையைத் திட்டுவதும் உண்டு. கன்ட்ரோலரில் "அவுட்புட் சதவீதம்" காட்டும் பக்கம் ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். அது 100-ஐத் தொட்டும் நீங்கள் கேட்ட வேகம் வரவில்லை என்றால்தான் சூளையில் பலம் இல்லை. 60, 70-இல் நிற்கிறது என்றால் சூளையிடம் இன்னும் பலம் இருக்கிறது, கன்ட்ரோலர்தான் கொடுக்கவில்லை. அப்போது ஆட்டோ ட்யூனை (கன்ட்ரோலர் தன்னைத்தானே சூளைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் வசதி) ஒரு முறை ஓட்டுங்கள், சூளையில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் அடுக்கும் விதம். ஷெல்ஃபும் தூணும்கூட சூட்டைக் குடிக்கும். சின்னக் கிண்ணங்கள் என்று ஐந்து தட்டு வைத்து அடுக்கினால், சாமானைவிட ஷெல்ஃபின் எடை அதிகமாகிவிடும். முன்பு மூன்று தட்டில் ஒன்பது மணி நேரம் எடுத்த சூளை ஐந்து தட்டில் பத்தரை மணி நேரம் எடுத்தால் அது கோளாறே இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு ஷெல்ஃப் மட்டும் வைத்து வெறுமனே ஓட்டி, அந்த நேரத்தை நோட்டில் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் சூளையின் ஜாதகம். புதுச் சூளை வந்த வாரமே இதைச் செய்துவைப்பது நல்லது. நான் செய்யவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மாதம் ஓட்டாமல் கிடந்த சூளை முதல் ஃபயரிங்கில் சோம்பல் முறிக்கும். இன்சுலேஷன் செங்கல் ஈரத்தைக் குடித்திருக்கும். முதலில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துக் காய விட்டு, பிறகு பாருங்கள்.

3. நேம்பிளேட்டும் தாள்களும்

அளப்பதற்கு முன் சரியான எண் எது என்று தெரிய வேண்டும். சூளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுங்கள். எத்தனை கிலோவாட், எத்தனை வோல்ட், எத்தனை ஃபேஸ் என்று அதில் இருக்கும். விற்றவரிடம் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும்: காயில் கம்பியின் கேஜ் (தடிமன்), ஒரு காயிலின் ஓம் (மின்தடை), காயிலின் வெளிவிட்டம், வால் (வெளியே நீளும் முனை) நீளம், மற்றும் காயில்கள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்ற வயரிங் படம். வாங்கும் நாளில் இதைத் தராதவர் பின்னால் தரவே மாட்டார். எனக்கு விற்றவர் "அதெல்லாம் எங்ககிட்ட இருக்கு, நீங்க ஏன் கவலைப்படறீங்க" என்றார். வேண்டிய நாளில் அவர் போனையே எடுக்கவில்லை.

இனி கணக்கு. 9 கிலோவாட், மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு 3000 வாட். அதை 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். 230-ஐ அந்த 13-ஆல் வகுத்தால் 17.6 ஓம் சொச்சம். பக்க இணைப்பில் இரண்டு காயில் என்பதால் ஒவ்வொன்றும் 35 ஓம், ஒவ்வொன்றிலும் ஆறரை ஆம்பியர். இந்த எண்களை நோட்டின் அட்டையில் எழுதுங்கள். ஒற்றை ஃபேஸ் 6 கிலோவாட் சூளை என்றால் மொத்தம் 26 ஆம்பியர், 8.8 ஓம்.

4. ஓடும்போது ஆம்பியரை அளங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டாங் டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். கிளாம்ப் மீட்டர் என்றும் சொல்வார்கள். நான் வாங்கியது 1,900 ரூபாய். இடுக்கிபோல வாய் திறந்து வயரைக் கவ்விக்கொள்ளும், எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் ஒரு வயரை மட்டும்தான் கவ்வ வேண்டும். கேபிளை முழுசாகக் கவ்வினால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். நான் முதல் நாள் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனேன்.

என் சூளையில் ஃபேஸுக்கு 13 காட்டினால் எல்லாம் சரி. ஆறரை காட்டினால் அந்த ஃபேஸில் ஒரு காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் அந்த ஃபேஸே வரவில்லை. மூன்றிலும் ஒரே மாதிரி 11, 11.5 என்றால் வோல்டேஜ் குறைவு, அல்லது எல்லாக் காயிலும் சேர்ந்து வயதாகிவிட்டன. எது என்று அடுத்த இரண்டு படிகளில் தெரிந்துவிடும்.

ஒரு ஃபேஸ் போனால் எவ்வளவு பலம் போகும் என்பது மூன்று ஃபேஸும் காயில்களோடு இணைந்திருக்கும் விதத்தைப் பொறுத்தது, வயரிங் படத்தில் அது இருக்கும். நியூட்ரலோடு சேர்ந்த ஸ்டார் இணைப்பில் மூன்றில் ஒரு பங்கு போகும். டெல்டா இணைப்பிலும், நியூட்ரல் இல்லாத ஸ்டாரிலும் சரிபாதி போகும். இரண்டிலுமே சூளை ஓடிக்கொண்டுதான் இருக்கும், விளக்கு எரியும், எண் ஏறும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

எல்லாக் காயிலும் சிவக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். 900 டிகிரியில் உள்ளே எதை வைத்தாலும் சிவக்கும், செத்த காயிலும் சிவக்கும். கண்ணால் பார்ப்பதென்றால் சூளை ஆறியிருக்கும்போது, அறை விளக்கை அணைத்துவிட்டு, காலிச் சூளையை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பீப் ஹோல் (உள்ளே பார்க்கும் துளை) வழியே பாருங்கள். கொஞ்ச நேரத்தில் உயிருள்ள காயில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும், செத்தது கருப்பாகவே இருக்கும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கையையோ கம்பியையோ உள்ளே விட வேண்டாம்.

இப்போது நான் நான்கு மாதம் தவறவிட்ட விஷயம். ஆறின நிலையில் அளந்தால் மட்டும் போதாது. முதலில் வந்த எலக்ட்ரீஷியன் காலையில் வந்து, ஆறின சூளையில் மல்டிமீட்டர் வைத்து, "எல்லாம் கரெக்டா இருக்குதுங்க" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆறின நிலையில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவதாக வந்த அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பிடின்னா எழுநூறு தாண்டினப்புறம் கூப்பிடுங்க மேடம், வர்றேன்" என்றார். இரவு பத்தரைக்கு வந்தார். ஆர் ஃபேஸில் கவ்வினார், 12.8. ஒய் ஃபேஸில் 12.9. பி ஃபேஸில் 12.7. என் மனசு விட்டுப்போயிற்று. அவர் நகரவில்லை. பி ஃபேஸ் வயரிலேயே மீட்டரை வைத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ போட்டு எடுத்து வரும்போது, "இங்க வாங்க" என்றார். கான்டாக்டர் டக்கென்று சேரும் சத்தம் கேட்டது, பி ஃபேஸ் 12.7-க்குப் போனது, நாலைந்து விநாடியில் 3, அப்புறம் பூஜ்யம். சத்தம் மட்டும் சரியாக இருந்தது, கரண்ட் இல்லை.

ஆற விட்டு மறுநாள் கான்டாக்டரைக் கழற்றினார். கரண்டைச் சேர்க்கும் மூன்று ஜோடிப் புள்ளிகளில் இரண்டு வெள்ளியாக மின்னின. மூன்றாவது கருகிய உளுந்து மாதிரி இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. சூடாகாத வரை ஒட்டிக்கொள்ளும், பெட்டி சூடேறியதும் விட்டுவிடும். இரண்டு ஃபேஸில் சூளை 6 கிலோவாட்டாகச் சுருங்கிப்போயிருக்கிறது. அந்த ஆறில் 1160-தான் வரும்.

கான்டாக்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் "ஹீட்டர் லோடு, இத்தனை ஆம்பியர்" என்று சொல்லி வாங்குங்கள். பட்டியலில் ஏசி-1 என்ற வரியில் உள்ள ஆம்பியர்தான் நமக்குரியது, மோட்டாருக்கான ஏசி-3 அல்ல. உங்கள் தேவையைப்போல இரண்டு மடங்கு எடுத்தால் நிம்மதி. 13 ஆம்பியருக்கு நான் 32 எடுத்தேன். மலிவான சாலிட் ஸ்டேட் ரிலேக்கு மாறலாம் என்று சொல்வார்கள். அது சத்தம் போடாது, புள்ளி கருகாது. ஆனால் கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சூளை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அதை மாட்டினால் முன்னால் ஒரு கான்டாக்டரும் சூடு எல்லை மீறினால் துண்டிக்கும் தனிக் கருவியும் இருந்தாக வேண்டும், ரிலேயின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் வேண்டும்.

பெட்டி திறந்திருக்கும்போதே வயர் முனைகளில் உள்ள எல்லா லக்குகளையும் டெர்மினல் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். நிறம் மாறிய வயர், உருகிய உறை தெரிந்தால் அந்த இடம்தான் அடுத்த கோளாறு.

5. வோல்டேஜை மணி வாரியாக எழுதுங்கள்

சூளை முழு வேகத்தில் ஓடும்போது, சூளையின் டெர்மினலில் அளக்க வேண்டும். லோடு இல்லாமல் பிளக்கில் அளப்பது வீண். என் வீட்டில் ஒரு மே மாத நாளில்: காலை ஆறு மணிக்கு 228, மதியம் இரண்டுக்கு 219, மாலை ஏழரைக்கு 205, இரவு பன்னிரண்டுக்கு 226. தெருவில் எல்லா ஏசியும் ஓடும் நேரம் எது என்று உங்களுக்கே தெரியும்.

230 போய் 205 என்றால் பதினொரு சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். சூடு அப்படிக் குறையாது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும், இரண்டையும் பெருக்கினால்தான் வாட். பதினொரு சதவீத வோல்டேஜ் போனால் இருபது சதவீதப் பலம் போய்விடும். என் 9 கிலோவாட் 7.1 ஆகிவிடும்.

மேல்முனையில் இது இன்னும் கடுமையாக அடிக்கும். 1200 டிகிரியில் சும்மா நிற்பதற்கே சூளைக்கு 6 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செங்கல் வழியாக, மூடி வழியாக அவ்வளவு சூடு வெளியே போகிறது. 9 இருந்தால் ஏறுவதற்கு 3 மிச்சம். 7.1 இருந்தால் மிச்சம் 1.1. கடைசி ஐம்பது டிகிரிக்கு ஒரு மணி நேரம் எடுத்தது இப்போது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் எடுக்கும். 500 டிகிரியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 900 வரை நன்றாகப் போனதால் கரண்டில் குறையில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்குச் செலவில்லாத மருந்து நேரத்தை மாற்றுவதுதான். நான் இப்போது இரவு ஒன்பதுக்கு ஆரம்பிக்கிறேன். முதல் சில மணி நேரம் எப்படியும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அது இரவோடு போய்விடும். கடினமான கடைசி இருநூறு டிகிரி காலை நான்கிலிருந்து ஆறுக்குள் விழும். மூன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவேன். ஏறும் சூளையை விட்டுவிட்டுத் தூங்கிவிடக் கூடாது.

மூன்று ஃபேஸ் சர்வோ ஸ்டெபிலைசர் போடச் சொல்வார்கள். சூளையைப்போலப் பாதி விலை கேட்பார்கள். அதோடு வெளியே 230 கொடுக்க உள்ளே லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், லைன் இன்னும் கீழே போகும். குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி ஓம் குறைத்துக் காயில் சுற்றித் தருகிறேன் என்பவரிடமும் ஜாக்கிரதை. மழை நாளில் வோல்டேஜ் 240-க்கு வரும்போது அந்தக் காயில் அளவுக்கு மீறி இழுக்கும், சீக்கிரம் போகும்.

6. வயரும் ஈபி இணைப்பும்

தெருவில் வோல்டேஜ் சரி, சூளையில் இல்லை என்றால் நடுவில் உள்ள வயர் தின்கிறது. மீட்டர் போர்டில் ஒருவர், சூளையில் ஒருவர் என்று ஒரே நேரத்தில் அளந்தால் தெரியும். ஒற்றை ஃபேஸ் 6 கிலோவாட் சூளைக்கு 30 மீட்டர் தூரம் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வயரிலேயே கிட்டத்தட்ட 11 வோல்ட் போய்விடும், வயரும் சுடும். 6 சதுர மி.மீ. போட்டால் நாலரை வோல்ட்தான் போகும். வயரைத் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் இருக்கக் கூடாது.

வீட்டில் உள்ள பவர் பிளக்கில் சொருகிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால் கணக்குப் போடுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டின் உச்சமே 3.6 கிலோவாட் சொச்சம். மணிக்கணக்கில் உச்சத்தில் ஓடினால் சாக்கெட் கருகும்.

தமிழ்நாட்டில் மொத்த லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்க வேண்டும். ஏற்கெனவே மூன்று ஃபேஸ் இருந்தாலும் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு லோடோடு சூளையின் 9-ஐக் கூட்டினால் பெரும்பாலும் பத்தாது, கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையத்திலேயே போடலாம். நான் கையில் வைத்திருந்தவை: இணைப்பு எண், ஆதார், சொத்து வரி ரசீது, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும், அதை முதலில் வாங்கிவிடுங்கள், அதற்குத்தான் நாள் ஆகும். கட்டணமும் கூடுதல் வைப்புத்தொகையும் எத்தனை கிலோவாட் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து எனக்கு மூன்று வாரம் ஆனது.

செய்வதை விற்கிறீர்கள் என்றால் வீட்டுக் கட்டண இணைப்பில் ஓட்டாதீர்கள். சோதனைக்கு வந்தால் வில்லங்கம். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், அதை எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பொருந்தும் கட்டண வகை எது என்று பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். மாலைதோறும் வோல்டேஜ் விழுகிறது என்ற புகாரை மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதியலாம். மணி வாரியாக எழுதிய தாள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

7. இப்போதுதான் காயில்

எம்சிபியை இறக்கி, காயிலின் இரண்டு வாலையும் டெர்மினலிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றாக ஓம் பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் பக்கத்துக் காயிலும் சேர்ந்து பாதி எண்தான் காட்டும். புதிதில் 35 இருந்தது 38.5-ஐத் தாண்டினால், அதாவது பத்து சதவீதம் கூடியிருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது. ஓம் கூடினால் கரண்ட் குறையும், பலம் குறையும்.

மாற்றுவதென்றால் முழு செட்டாக மாற்றுங்கள். புதிதும் பழையதும் கலந்தால் ஒரு பக்கம் பானையில் கிளேஸ் வழியும், ஒரு பக்கம் உருகாமல் மணல்போல நிற்கும். நடுவில் ஒன்று அறுந்த அவசரத்துக்கு ஒன்றை மாற்றலாம், அதோடு சரி.

கடையில் "காயில் வேணும்" என்று மட்டும் சொன்னால் நிக்ரோம் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிக்ரோமே கம்பிச் சூட்டில் 1200 வரைதான் தாங்கும். சூளை 1220 என்றால் கம்பி அதைவிடச் சூடாக இருக்கும். கேட்க வேண்டியது கந்தால் ஏ-1 அல்லது அதற்கு நிகரான இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பி, அது 1400 வரை தாங்கும். கேஜ், ஓம், விட்டம், வால் நீளம் நான்கையும் எழுதிக் கொடுங்கள். வந்ததும் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அளங்கள். எனக்கு வந்த ஆறில் ஒன்று 31 ஓம் இருந்தது, திருப்பி அனுப்பினேன். ஆர்டரிலிருந்து கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது.

பழைய காயிலை நெளித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒருமுறை சூடேறிய இந்தக் கம்பி ஆறிய பிறகு அப்பளம்போல ஒடியும். புதியதை மாட்டியதும் வெறும் சூளையில் ஒரு முறை 1000 டிகிரிக்கு மேல் மெதுவாக ஓட்டி, மேலே ஒரு பாதுகாப்புப் படலம் உருவாக விடுங்கள். பள்ளத்தில் கிளேஸ் சிந்தியிருந்தால் அந்தச் செங்கலைச் சுரண்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அந்தச் சொட்டு புதுக் காயிலையும் தின்னும்.

8. தெர்மோகப்பிள் பொய் சொல்கிறதா?

சூளை சரியாக ஏறியிருக்கும், காட்டும் எண் மட்டும் ஏறியிருக்காது. கோன் (குறித்த சூட்டில் மடங்கும் சின்னக் கூம்பு) வைத்தால்தான் தெரியும். மேல், நடு, கீழ்த் தட்டுகளில் ஒவ்வொரு கோன் வையுங்கள். கோன் 6 என்பது மணிக்கு 60 டிகிரி வேகத்தில் 1222-இல் மடங்கும், 150 வேகத்தில் 1243-இல். மெதுவாகப் போனால் குறைந்த டிகிரியிலேயே மடங்கும் என்பதைக் கவனியுங்கள். கன்ட்ரோலர் 1190 காட்டும்போதே கோன் 6 படுத்துவிட்டது என்றால், ஏறவில்லையே என்று இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டாதீர்கள். கிளேஸ் வழிந்து ஷெல்ஃபில் ஒட்டிவிடும்.

எண் குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முனை சூளைக்குள் குறைந்தது ஒரு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஷெல்ஃப் இடித்துப் பின்னால் போயிருக்கும். அதிலிருந்து கன்ட்ரோலருக்கு வருவது அதற்குரிய காம்பென்சேட்டிங் கேபிளா, இல்லை வீட்டில் கிடந்த செம்பு வயரா? செம்பு என்றால் தெர்மோகப்பிளின் வெளித் தலைப்பகுதி கன்ட்ரோலரைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு குறைத்துக் காட்டும். கேபிளின் பிளஸ் மைனஸ் இரண்டு முனையிலும் மாறியிருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு குறையும். எஸ் அல்லது ஆர் டைப் பிளாட்டினம் தெர்மோகப்பிளை மாட்டிவிட்டு கன்ட்ரோலரில் கே என்று விட்டிருந்தால் இது ஆபத்து: உள்ளே 1200 இருக்கும்போது சுமார் 300 காட்டும்.

9. மூடியும் சந்தும்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் சூளையைச் சுற்றி வாருங்கள். மூடி ஓரத்தில் நூல்போல வெளிச்சம் தெரிவது சாதாரணம். விரல் நுழையும் பட்டையாகத் தெரிந்தால் அதுதான் சூடு தப்பிப் போகும் வழி. கீல் திருகைச் சரிசெய்தாலே பெரும்பாலும் மூடி உட்கார்ந்துவிடும். செராமிக் ஃபைபர் துண்டு வைப்பதென்றால் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பீப் ஹோல் அடைப்பை 600-க்கு மேல் மறக்காமல் போடுங்கள். சூளை சுவரை ஒட்டி இருக்கிறதே என்று ஃபேன் போடுபவர்கள், காற்று சூளையில் நேரே அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

10. பாதியில் நின்றுவிட்டால்

இரவு இரண்டு மணி, 1160-இல் ஒரு மணி நேரமாக அசையவில்லை. என்ன செய்வது? முதலில் கோனைப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. மடங்கத் தொடங்கியிருந்தால் இன்னும் அரை மணி நேரம் கொடுக்கலாம். நேராக நின்றால், ஆம்பியர் அளந்து, மீட்டர் ரீடிங் எழுதி, நிறுத்திவிடுங்கள். சரியாக ஓடும்போது ஒரு ஃபயரிங்குக்கு எனக்கு 55-லிருந்து 60 யூனிட். அந்த நான்கு மாதமும் ஒவ்வொன்றும் 75-ஐத் தாண்டியது. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் வீட்டு இணைப்பில் கணக்கே வேறு, மொத்த பில்லும் எகிறும்.

நிறுத்தியதும் திறக்காதீர்கள். நூறு டிகிரிக்குக் கீழே வரட்டும். வேகாத கிளேஸ் சாமான்கள் வீணில்லை. சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். கோளாறைச் சரிசெய்த பிறகு, முதல் இருநூறு டிகிரியை மட்டும் மெதுவாக ஏற்றி அதே கோனுக்கு மறுபடி ஓட்டுங்கள். கிளேஸ் விலகிக் களிமண் தெரியும் இடம் இருந்தால், அந்தச் சாமானை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, கெட்டியாகக் கரைத்த கிளேஸைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். ஆறிய வழவழப்பில் அது பிடிக்காது. என்னிடம் அப்படி நின்றுபோன பதினேழு கிண்ணங்கள் இருந்தன. கான்டாக்டர் மாற்றிய வாரம் மறுபடி ஓட்டினேன், எட்டே முக்கால் மணி நேரம். பதினைந்து தேறின.